ஒருமுறை ஏங்கிய இதயம்

2004 ஒக்ரோபர் 23ஆம் திகதி மாலை யப்பானின் நீகாட்டா மாநிலத்தில் நிலம் நடுங்கியது. அடுத்து வந்த நாட்களில் அங்குள்ள வைத்தியசாலைகளுக்கு நெஞ்சுநோவோடு வந்தவர்களில் ஒரு பகுதியினர் வைத்தியர்களின் கவனத்தை ஈர்த்தார்கள். பெரும்பாலும் வயதான பெண்கள். மாரடைப்புக்கு உரிய அடையாளங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் அடைப்பு இல்லை. நடுக்கத்தின் மையத்துக்கு அண்மையில் வாழ்ந்தவர்களிடம் இது மற்ற இடங்களைவிடப் பல மடங்கு கூடுதலாகக் காணப்பட்டது.

அதற்கு இரண்டு மாதங்களின் பின், டிசெம்பர் 26 காலை, கடல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிக் கரைக்கு ஏறி வந்தது. பருத்தித்துறை, மணற்காடு, உடுத்துறை என்று கரை நீளத்துக்கும் வீடுகள் போயின, வள்ளங்கள் போயின, பிள்ளைகள் போயினர். இலங்கை முழுவதும் 35 ஆயிரம் பேரளவில் இறந்தும் காணாமலும் போன நாள் அது. மந்திகையில் இருக்கும் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையில் அன்று உயிரோடு இருப்பவரை இறந்தவரிடமிருந்து பிரித்தெடுப்பதே பெரிய வைத்தியம். பிள்ளையைத் தேடி வந்த தாயின் இதயம் எப்படித் துடிக்கிறது என்று எக்கோ ஸ்கான் வைத்துப் பார்க்க யாருக்கு நேரம் இருந்திருக்கும்?

பிறகு 2005 பெப்ரவரி 10. அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் உள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையின் இதய வைத்திய நிபுணர் இலான் விட்ஸ்டைனும் அவரது குழுவினரும் ‘நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். திடீரென்று மனத்தைத் தாக்கிய ஒரு நிகழ்வின் பின் இதயம் தளர்ந்துபோன 19 பேரைப் பற்றியது அது. அவர்களில் 18 பேர் பெண்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வருத்தம் தொடங்கியது வேண்டிய ஒருவரின் சாவுச் செய்தி கேட்ட வேளையில். அவர்களுடைய இரத்தத்தில் அட்ரினலினும் அதன் இனச் சுரப்புகளும் இயல்பைவிட 7 முதல் 34 மடங்கு வரை இருந்தன. கடும் மாரடைப்பு வந்தவர்களோடு ஒப்பிட்டாலும் இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

நான்கு மாதத்துக்குள் அடங்கிவிடும் இந்த மூன்று திகதிகளையும் வடமராட்சியில் இருந்து பார்க்கும் எனக்குத் தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை. துக்கமும் பயமும் இதயத் தசையை நேரடியாகத் தாக்கும் என்று உலகம் படித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில் துக்கத்துக்கும் பயத்துக்கும் குறைவே இல்லாத ஒரு கரை இங்கே இருந்தது. அது முதல் தடவையும் அல்ல, கடைசித் தடவையும் அல்ல. நான் இங்கே பேச வந்தது இந்தக் ‘கடைசித் தடவை அல்ல’ என்பதைப் பற்றித்தான். இந்த வருத்தம் ஒருமுறை வந்து மாறியவருக்கு மறுபடியும் வரலாம்.

வருத்தத்தின் வழி

இதை முதலில் அடையாளம் கண்டவர்கள் ஹிரோஷிமா நகர வைத்தியர்கள். ஹிக்காரு சாத்தோவும் அவரோடு பணியாற்றியவர்களும் 1990இல் அதைப் பதிவு செய்தார்கள். படம் எடுத்துப் பார்த்தபோது இதயத்தின் இடது கீழறை விசித்திரமாகத் தெரிந்தது. மேற்பகுதி இறுக்கிச் சுருங்குகிறது. நுனிப்பகுதி அசையாமல் ஊதிப்போய் நிற்கிறது. எட்டுக்கால் கணவாயைப் பிடிக்க யப்பானிய மீனவர்கள் கடலடியில் இறக்கிவைக்கும் மண்பானையின் வடிவம் அது: கழுத்து ஒடுங்கியது, வயிறு உருண்டது. அந்தப் பானையின் பெயரையே வைத்தார்கள்: தாக்கோட்சுபோ. இந்தக் கட்டுரையிலும் அதையே சொல்கிறேன்; வைத்தியசாலையில் கேட்கக்கூடிய பெயர் அதுதான்.

வழக்கமான மாரடைப்பில் ஒரு குழாய் அடைபடும், அந்தக் குழாயை நம்பியிருந்த தசை சாகும். செத்த தசை திரும்பி வராது, வடுவாகிவிடும். தாக்கோட்சுபோவில் தசை சாவதில்லை, திகைத்து நின்றுவிடுகிறது. மூளையில் அச்சமும் துக்கமும் பதிகின்ற பகுதிகளிலிருந்து கட்டளை கிளம்புகிறது. சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளும் இதயத்துக்குள் ஓடும் நரம்பு முனைகளும் ஒரே நேரத்தில் அட்ரினலின் வகைச் சுரப்புகளைக் கொட்டுகின்றன. அளவாக வந்தால் இதயத்தை ஓட வைப்பதும் அளவு மீறினால் அதை உறைய வைப்பதும் ஒரே பொருள்தான். இதயத்தின் நுனியில் அட்ரினலினை உணரும் வாங்கிகள் செறிவாக இருப்பதால் பெரும்பாலானோருக்கு அந்த இடமே முதலில் அடிபடுகிறது என்பது பல ஆய்வாளர்களின் விளக்கம். தசையின் நுண்ணிய குழாய்கள் இறுகுவதும் இதில் சேர்கிறது. எந்தக் காரணம் எவ்வளவு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

நோயாளிக்குத் தெரிவது நெஞ்சை யாரோ அமத்துவது போன்ற நோ, மூச்செடுக்க முடியாமை, வியர்வை, சிலருக்கு மயக்கம். ஈ.சீ.ஜி. மாறியிருக்கும். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் என்ற புரதம் இரத்தத்தில் ஏறியிருக்கும். வாசலில் வைத்தே இது மாரடைப்பா தாக்கோட்சுபோவா என்று சொல்ல எந்த வைத்தியராலும் முடியாது. குழாய்களுக்குள் மருந்து செலுத்திப் படம் எடுக்கும் அஞ்சியோகிராம் செய்து, அடைப்பு இல்லை என்று கண்ட பிறகுதான் பெயர் வைக்கலாம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சுவிற்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழக வைத்தியசாலை முன்னின்று நடத்தும் சர்வதேசப் பதிவேடு 2015இல் 1750 நோயாளிகளின் விபரங்களை வெளியிட்டது. அவர்களில் 15 சதவீதம் பேருக்குக் குழாய் நோயும் கூடவே இருந்தது. துக்கம் வந்த கிழமையில்தான் நெஞ்சுநோ வந்தது, ஆகவே இது துக்கத்தால் வந்தது என்று வீட்டில் வைத்து முடிவெடுப்பவர் ஓர் உயிரோடு விளையாடுகிறார்.

அந்தப் பதிவேட்டில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். சராசரி வயது 67. மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரஜன் குறைவது இதயத்தை அட்ரினலினின் முன் காவல் இல்லாமல் விடுகிறது என்பது பொதுவான கருத்து. ஆண்களுக்கு அரிது, ஆனால் வந்தால் கொடியது. 2016 முதல் 2020 வரை அமெரிக்க வைத்தியசாலைகளில் சேர்ந்த சுமார் இரண்டு லட்சம் தாக்கோட்சுபோ நோயாளிகளின் கணக்கில் பெண்களில் 5.5 சதவீதமும் ஆண்களில் 11.2 சதவீதமும் வைத்தியசாலையிலேயே இறந்தார்கள்.

இந்த இலக்கத்தை நின்று வாசிக்கவேண்டும். ‘தானாக மாறிவிடும், பயப்பட ஒன்றுமில்லை’ என்ற பேச்சு வைத்தியர் சிலரிடமும் நெடுங்காலம் இருந்தது. மாறுவது உண்மை. பெரும்பாலானோரின் இதயம் சில நாட்களிலோ சில வாரங்களிலோ பழையபடி சுருங்கத் தொடங்கும். ஆனால் அந்த இடைக்காலத்தில் நுரையீரலில் நீர் கட்டலாம், இரத்த அழுத்தம் விழுந்துபோகலாம், துடிப்பின் ஒழுங்கு கெடலாம், அசையாத நுனியில் இரத்தம் உறைந்து அந்தக் கட்டி மூளைக்குப் போகலாம். சூரிச் பதிவேட்டில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இப்படியான கடும் சிக்கல் கண்டார்கள். இது மாரடைப்புக்கு இளைத்த வருத்தம் அல்ல.

தூண்டுவது துக்கம் மட்டும் என்று எண்ணிவிடவும் கூடாது. அதே பதிவேட்டில் மனத் தாக்கத்தால் வந்தவர்கள் 28 சதவீதம். ஆஸ்துமா இழுப்பு, சத்திரசிகிச்சை, பாரிசவாதம் போன்ற உடல் தாக்கத்தால் வந்தவர்கள் 36 சதவீதம். காரணமே பிடிபடாதவர்களும் 28 சதவீதத்துக்கு மேல். மனத் தாக்கம் தூண்டிய 485 பேரில் 20 பேருக்குத் தூண்டியது மகிழ்ச்சி: பிள்ளையின் கலியாணம், பேரப்பிள்ளை பிறந்த செய்தி போன்றவை. பத்து வருடம் காணாத மகன் கனடாவிலிருந்து சொல்லாமல் வந்து வாசலில் நிற்பதும் ஒரு வயதான இதயத்துக்குப் பெரிய அதிர்ச்சிதான்.

நம் வளவுக்குள் ஒரு சான்று

அட்ரினலின் வெள்ளம் இதயத்தைத் திகைக்க வைக்கும் என்பதை நம்பாதவர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் செந்தேளைப் பார்க்கட்டும். ‘ஹொட்டென்டோட்டா தாமுலஸ்’ என்பது அதன் விலங்கியற் பெயர். இந்தியாவில் பல உயிர்களைக் குடித்த இனம். யாழ் போதனா வைத்தியசாலைக்குத் தேள் கொட்டி வந்தவர்களை வைத்து, பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் குலரத்ன, யாழ்ப்பாணத்தின் வைத்திய நிபுணர் சிவன்சுதன் முதலானோர் செய்த ஆய்வு 2015இல் ‘டொக்சிகோன்’ இதழில் வந்தது. கொட்டிய இடத்தில் வலி மட்டும் இல்லை. உடல் முழுக்க வியர்வை, மயிர் சிலிர்த்தல், கைகால் குளிர்தல், இதயத் துடிப்பு தாறுமாறாதல் என்று தன்னியக்க நரம்புகள் ஒன்றாகக் கொந்தளித்த அடையாளங்களைப் பலரிடம் கண்டார்கள்.

நஞ்சு இதயத்தை நேரே தின்பதைவிட, உடம்பிடமே இருக்கும் அட்ரினலினைக் கொட்டவைத்துத்தான் கூடுதலாகக் கெடுக்கிறது. எக்கோவில் பார்த்தால் இடது கீழறை தளர்ந்திருக்கும், நுரையீரலில் நீர் கட்டும். பிழைத்தவருக்குச் சில நாட்களில் தசை வழமைக்குத் திரும்பும். மகாராட்டிராவின் மகாத் என்ற சிற்றூரில் 1970களின் பிற்பகுதியில் பணியேற்ற வைத்தியர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், செந்தேள் கொட்டிய குழந்தைகள் இதயம் தளர்ந்து சாவதைப் பக்கத்தில் இருந்து கவனித்தார். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் என்ற மலிவான மாத்திரை அந்தக் கொந்தளிப்பை அடக்கும் என்று கண்டு எழுதினார். சாவு வெகுவாகக் குறைந்தது. பெரிய ஆய்வுகூடம் இல்லாத ஒரு கிராம வைத்தியரின் கவனம் அது. 2022இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது.

தேள் கொட்டிய இதயத்துக்கும் சாவுச் செய்தி கொட்டிய இதயத்துக்கும் நடப்பது நெருங்கிய உறவுள்ள காரியங்கள். முந்தியதைக் குடாநாட்டில் ஒருவரும் ‘சும்மா மனப்பிரமை’ என்று தள்ளமாட்டார்கள். கொட்டிய தேளை அடித்துப் போத்தலில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். பிந்தியதற்கு எடுத்துக்காட்ட ஒரு பூச்சி இல்லை. அதனால்தான் சோடாவும் இஞ்சித் தேத்தண்ணியும் கொடுத்து, “காஸாக்கும் ஆச்சி, கொஞ்சம் படுங்கோ” என்று சொல்லிவிடுகிறோம்.

மறுபடியும் வருவது

அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2007இல் 100 தாக்கோட்சுபோ நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட கணக்கின்படி, நான்கு வருடத்தில் 11 சதவீதத்துக்குச் சற்று அதிகமானோருக்கு அது மீண்டும் வந்தது. சூரிச் பதிவேட்டில் வருடத்துக்கு 100 பேரில் ஏறத்தாழ இருவர். ஒரு வருடக் கணக்காகப் பார்த்தால் சிறிது. ஆனால் 60 வயதில் ஒருமுறை கண்ட ஒரு தாய் இன்னும் இருபது வருடம் இருப்பா. அந்த இருபது வருடமும் இந்தச் சிறிய வாய்ப்பு அவவோடுதான் நடக்கும்.

மறுமுறை எப்படி வரும் என்பதில் ஒழுங்கு இல்லை. சிலருக்குச் சில மாதங்களில், சிலருக்குப் பல வருடங்கள் கழித்து. முதல்முறை கணவனின் சாவு தூண்டியிருக்கலாம், இரண்டாம்முறை மாரிகாலத்து ஆஸ்துமா இழுப்பு தூண்டலாம். முதல்முறை இதயத்தின் நுனி உறைந்திருக்கும், அடுத்தமுறை நடுப்பகுதி உறையலாம். ஒரே ஆளின் ஒரே இதயம், வேறு வேறு படம். இதைப் பார்க்கும்போது பழுது தசையின் ஒரு குறித்த துண்டில் இல்லை, அட்ரினலினைத் திறந்துவிடும் வழியில் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. சூரிச் குழு 2019இல் வெளியிட்ட மூளைப் படங்களும் அந்தப் பக்கமே கை நீட்டுகின்றன. இந்த வருத்தம் கண்டவர்களின் மூளையில், உணர்ச்சியைக் கையாளும் பகுதிகளும் இதயத்தையும் குடலையும் நம் விருப்பமின்றியே இயக்கும் பகுதிகளும் ஒன்றோடொன்று பேசுவது மற்றவர்களைவிடத் தளர்ந்திருந்தது. பிறவியில் அப்படியா, வருத்தம் வந்து அப்படி ஆனதா என்பது அந்தப் படங்களால் தீர்வதில்லை.

இன்னொரு தரவு நம் ஊருக்கு மிகவும் வேண்டியது. பதிவேட்டில் இருந்த தாக்கோட்சுபோ நோயாளிகளில் 56 சதவீதமானோருக்கு நரம்பு நோயோ மன நோயோ முன்பு இருந்திருந்தது அல்லது அப்போது இருந்தது. சாதாரண மாரடைப்பு நோயாளிகளில் அது 26 சதவீதம். மனச்சோர்வும் பதற்றமும் நாட்பட்டு இருப்பவரின் இதயம் இந்த அடிக்குக் கூடுதலாகத் திறந்திருக்கிறது.

இனி வடமராட்சியின் வரிசையைப் பாருங்கள். 1987 மே 26இல் தொடங்கிய ‘ஒப்பரேஷன் லிபரேஷன்’ என்ற இராணுவ நடவடிக்கை இந்த மண்ணில்தான் நடந்தது. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது வந்து சேர்ந்த சனத்தின் ஒரு பங்கைத் தாங்கியதும் இந்த மண். 2004 கடல். 2009 வன்னியின் இறுதிப் போர். அதன் பின்னும் கடல் ஓயவில்லை. 2022 தொடக்கத்தில் வத்திராயன் மீனவர் இருவர் தொழிலுக்குப் போய்ப் பிணமாக வந்தபோது, இந்திய இழுவைப் படகுகளுக்கு எதிராகச் சுப்பர்மடத்தில் சனம் வீதியை மறித்து நாட்கணக்கில் இருந்தது. இன்று எழுபது வயதில் இருக்கும் ஒரு வடமராட்சிப் பெண் இந்த வரிசையில் எத்தனையைத் தன் உடம்பால் கடந்திருப்பா என்று எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தின் மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ நூலில் போர் தமிழரின் மனத்தில் ஏற்படுத்திய வடுக்களை எழுதினார். பின்னாளில் அது தனி ஆளைத் தாண்டிக் குடும்பத்தையும் ஊரையும் பிடித்த கூட்டு வடு என்று விரித்தார். நம் சனம் மனத்துயரை ‘மனம் சரியில்லை’ என்று சொல்லி வருவது குறைவு. தலையிடி, நெஞ்சு நோ, உடம்பு உளைவு என்று உடம்பின் மொழியிலேயே சொல்லும் என்பதையும் அவர் நிறையவே எழுதியிருக்கிறார்.

இங்கேதான் பொறி. உடம்பின் மொழியில் மனத்தைச் சொல்லும் சனம் என்று அறிந்துகொண்ட பிறகு, வயதான பெண்ணின் ஒவ்வொரு நெஞ்சுநோவையும் ‘மனக்கவலை’ என்று தட்டிவிடுவது எளிதாகிவிடுகிறது. உறவினர் தட்டுகிறார்கள், சில வேளை வைத்தியரும் தட்டுகிறார். தாக்கோட்சுபோ அந்த இரண்டாகப் பிரிக்கும் பழக்கத்தையே உடைக்கிறது. மனக்கவலையால் வந்தது என்பதும் உண்மை, இதயம் நிற்கக்கூடும் என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறுக்க இடமில்லை. “ஏங்கிச் செத்துப்போனா” என்று நம் பெரியவர்கள் சொல்லிவந்த சாவுகளில் சில இந்த வழியால் நிகழ்ந்திருக்கக்கூடும்.

சடங்கு இல்லாத துக்கம்

சாவு நடந்த வீட்டில் நமக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பறை, ஒப்பாரி, சுடலை, எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, பிறகு ஆட்டைத் துவசம். வீடு நிறைய ஆட்கள். அழுவதற்கு அனுமதி, அழுது முடித்ததும் சாப்பிடச் சொல்ல ஒருவர். இந்த ஒழுங்கு துக்கத்தைத் தவணை தவணையாக இறக்கி வைக்க உதவுகிறது என்பதைச் சோமசுந்தரமும் வலியுறுத்தியிருக்கிறார்.

இந்த ஒழுங்கு கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கி, அந்த மார்ச்சில் வடமராட்சி கிழக்கின் மருதங்கேணிக்கும் பரவிய வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்தில் இருந்த தாய்மாரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தியேட்டி செய்தால் பிள்ளை செத்ததாக ஆகிவிடும். செய்யாவிட்டால் துக்கம் இறங்க இடமில்லை. மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரக் கொட்டகையில் இருந்தே வயதாகிப் பலர் இறந்துவிட்டார்கள். அவர்களின் சாவுகளை இந்த வருத்தத்தோடு முடிச்சுப்போட எனக்கு உரிமை இல்லை. சீனி வருத்தமும் பிரஷரும் முதுமையும் அவர்களுக்கு இருந்தன. நான் சொல்வது வேறு. அவர்களுக்குத் தாக்கம் ஒருமுறை நடந்து முடிந்த ஒன்று அல்ல. 2025இல் செம்மணி மனிதப் புதைகுழியில் மண்ணைக் கிண்டக் கிண்ட எலும்புக்கூடுகள், குழந்தைகளுடையது உட்பட, வெளியே வந்தன. ஒவ்வொரு நாள் செய்தியும் குடாநாட்டின் ஒவ்வொரு தாயையும் அந்த முதல் நாளுக்குக் கொண்டுபோய் விட்டது. இப்படித் திரும்பத் திரும்பத் தாக்கப்படுகிறவரின் இதயத்துக்கு, ‘வந்தது மாறிவிட்டது’ என்ற ஆறுதல் போதாது.

புலம்பெயர்ந்த வீடுகளின் கதை இதன் மறுபக்கம். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும், அம்மா பருத்தித்துறையில் பெரிய வீட்டில் தனிய. சாவுச் செய்தி தொலைபேசியில் வரும், சாவீடும் தொலைபேசித் திரையில் நடக்கும். நெஞ்சுநோ வந்தால் பக்கத்தில் கூப்பிட ஆளில்லை. பிள்ளைகளைக் கவலைப்படுத்தக் கூடாது என்று சொல்லாமல் விடுகிற தாய்மார் எத்தனை பேர்! கொவிட் காலத்தில் அமெரிக்காவின் ஒஹையோவில் கிளீவ்லண்ட் கிளினிக் பார்த்த கணக்கில், மாரடைப்பு என்று வந்தவர்களிடையே தாக்கோட்சுபோ முன்னர் 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தது, 2020 வசந்தத்தில் 8 சதவீதத்தை நெருங்கியது. அவர்களைக் கொவிட் கிருமி தாக்கவில்லை. சோதனை செய்தார்கள், தொற்று இல்லை. தனிமையும் பயமும் அந்த நாட்களின் காற்றில் இருந்தன.

செய்யக்கூடியது

மறுபடியும் வராமல் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்லத்தக்க மருந்து இன்றில்லை. இதயத் துடிப்பை அடக்கும் பீட்டா தடுப்பு மாத்திரைகள் அட்ரினலினை மறிப்பவை. ஆகவே அவை காக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் அவற்றை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் இது வந்தது. ஒரு வருட உயிர்வாழ்விலும் சூரிச் பதிவேடு அவற்றின் பலனைக் காணவில்லை. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஏ.சீ.ஈ. தடுப்பு வகை மாத்திரைகளை எடுத்தவர்கள் கூடுதலாக உயிர் வாழ்ந்தார்கள் என்று அதே பதிவேடு காட்டியது. இதை வாசித்துவிட்டு எவரும் தன் மாத்திரையைத் தானே நிற்பாட்டக் கூடாது. பீட்டா தடுப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது தனியான ஆபத்து.

மருந்துக்கு அப்பால் நம்பிக்கை தரும் செய்தி ஸ்கொட்லாந்தின் அபர்டீனிலிருந்து வருகிறது. பேராசிரியர் டானா டோசனின் குழு அங்கே நெடுங்காலமாக இந்த நோயாளிகளைப் பார்த்துவருகிறது. எக்கோவில் இதயம் வழமைக்குத் திரும்பிய பிறகும், ஒரு வருடம் கழிந்தும், பலர் களைப்போடும் மூச்சுமுட்டலோடும் வாழ்வதை அவர்கள் காட்டினார்கள். ‘எல்லாம் நோர்மல்’ என்று துண்டு எழுதிக் கொடுத்து அனுப்பப்பட்ட பெண்கள் பொய் சொல்லவில்லை என்பது அதனால் நிலைநாட்டப்பட்டது. 2025இல் அவர்கள் வெளியிட்ட ஒரு சோதனையில் 76 பேரை எடுத்து, சிலருக்கு 12 வாரம் எண்ணங்களைச் சீர்செய்யும் உளச் சிகிச்சையும் சிலருக்கு 12 வார ஒழுங்கான உடற்பயிற்சியும் கொடுத்தார்கள். இரண்டிலும் இதயத் தசையின் சக்தி உற்பத்தி தேறியது, நடக்கும் தூரம் கூடியது. பேசிச் செய்யும் ஒரு சிகிச்சை இதயத் தசையில் அளந்து காட்டக்கூடிய மாற்றத்தைச் செய்தது என்பதை நான் பெரிய செய்தியாகவே எடுக்கிறேன். சிறிய சோதனைதான், ஆனால் இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். மந்திகை வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற உளவள நிலையங்கள் போர்க் காலத்திலிருந்தே வேலை செய்து வந்திருக்கின்றன. இதய கிளினிக்கில் தாக்கோட்சுபோ என்று கண்ட ஒவ்வொருவரையும் அதே கிழமையில் அந்தப் பக்கம் அனுப்பிவைக்கும் வழக்கம் வரவேண்டும். அது வந்தால் வடமராட்சி பல செல்வந்த நாடுகளுக்கு முன்னால் நிற்கும்.

குடும்பத்தார் செய்யவேண்டியவை இதைவிட எளியவை. நெஞ்சுநோ வந்தால், அது எந்தத் துக்கத்தின் பின் வந்தாலும், எத்தனையாவது தடவையாக இருந்தாலும், மாரடைப்பு என்றே எடுத்து உடனே போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2018இலிருந்து வடக்கிலும் அது ஓடுகிறது. மந்திகையில் ஈ.சீ.ஜி. எடுத்து முதல் சிகிச்சை கொடுப்பார்கள். அஞ்சியோகிராம் வேண்டுமென்றால் யாழ் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். நீண்ட வழி அது. வீட்டில் இஞ்சித் தேத்தண்ணிக்குப் போன நேரத்தை அந்த வழியில் திரும்பப் பெற முடியாது.

‘போனமுறையும் இப்படித்தான், குழாயில் ஒன்றுமில்லை என்றவை’ என்று சொல்லி இரண்டாம்முறை வீட்டில் இருந்துவிடுவதுதான் நான் அதிகம் பயப்படும் தவறு. போனமுறை தெளிந்திருந்த குழாய் இந்தமுறை அடைபட்டிருக்கலாம். அடைபடாவிட்டாலும், திகைத்த இதயத்துக்கு முதல் இரண்டு மூன்று நாளும் வைத்தியசாலைக் கட்டிலே பாதுகாப்பு.

ஒருமுறை இந்த வருத்தம் கண்டவரின் டயக்னோசிஸ் கார்ட்டைக் கிளினிக் கொப்பியோடு சேர்த்து வையுங்கள். ஒரு படியை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் தொலைபேசியிலும் வையுங்கள். எந்த வைத்தியரிடம் போனாலும், பல்லுப் பிடுங்கப் போனாலும், ஆஸ்துமாவுக்கு ‘நெபுலைசர்’ பிடிக்கப் போனாலும், சத்திரசிகிச்சைக்குப் பெயர் கொடுத்தாலும், ‘அம்மாவுக்கு முந்தி தாக்கோட்சுபோ வந்தது’ என்று முதலில் சொல்லுங்கள். அட்ரினலினைக் கூட்டும் மருந்துகளைக் கொடுக்கும்போது வைத்தியர் கவனமாக இருக்க அந்த ஒரு வரி போதும். வைத்தியர்களிடம் கேட்பதும் ஒன்றுண்டு: அந்தக் கார்ட்டில் வெறுமனே ‘இதய வருத்தம்’ என்று எழுதாமல் இந்தப் பெயரை எழுதுங்கள், தூண்டியது எது என்றும் எழுதுங்கள். அடுத்தமுறை இரவு வேளையில் அவரைப் பார்க்கப்போகும் இளம் வைத்தியருக்கு அது வேண்டும்.

கடைசியாக, செத்தவீட்டு ஒழுங்கைப் பற்றி. எட்டுச் செலவு வரை வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். அந்தியேட்டி முடிந்ததும் கதிரைகளோடு ஆட்களும் போய்விடுவார்கள். ஏற்கெனவே ஒருமுறை இதயம் ஏங்கிய ஒரு பெரியம்மா, மாமி, ஆச்சி அந்த வீட்டில் இருந்தால், முப்பத்தோராம் நாளுக்குப் பிறகும் ஒரு மாதம் அவவோடு யாராவது இரவில் தங்குங்கள். முறை வைத்துத் தங்குங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. ஆட்டைத் துவசத்துக்கும் டிசெம்பர் 26க்கும் முந்திய கிழமையில் கிளினிக்குக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். நெஞ்சுநோ என்று அவ வாய் திறந்தால், மறுகேள்வி கேட்காமல் 1990க்கு அழையுங்கள்.